நள்ளிரவில் ஒரு துணை



“உங்கள் குழந்தைக்கு மூளை முடக்குவாதம்” என்று மருத்துவர் கூறும் நொடியில் ஒரு தாயின் உலகமே நின்றுவிடுகிறது. வீடு திரும்பினால், “வயிற்றில் இருந்தபோது என்ன சாப்பிட்டாய்?” என்று உறவினர் கேட்கின்றனர், “யார் செய்த பாவமோ!” என்று அண்டை வீட்டார் முணுமுணுக்கின்றனர். கணவரோ வாய் திறவார். பிள்ளை நடக்குமா, பேசுமா, நமக்குப் பின் அதனை யார் காப்பார் என்னும் ஏக்கம் இரவெல்லாம் அவளை உறங்க விடுவதில்லை. குழந்தையின் குறையைவிடக் கொடியது இத்தனிமை.

இதனைப் போக்க வல்லவர், அதே பாதையில் முன்னே நடந்த மற்றொரு தாயே. அமெரிக்காவின் ஒமாகா நகரில் 1971-ஆம் ஆண்டிலேயே பெற்றோர் சிலர் இவ்வுண்மையை உணர்ந்தனர். பட்டறிவு மிக்க பெற்றோர், புதிதாய்த் துயருற்ற பெற்றோருக்கு வழித்துணையாகும் முறையை அவர்கள் தொடங்கினர். அன்று அருகில் வாழ்ந்தோர்க்கே கிட்டிய இத்துணை, இன்று வாட்ஸ்அப், முகநூல் குழுக்களின் வாயிலாகச் சிற்றூருக்கும் வந்து சேர்ந்துள்ளது.

நாம் அறிந்த தாய் ஒருத்தி கடற்கரைச் சிற்றூரினள். அவளுடைய மூன்று வயது மகன் ஒவ்வொரு வேளையும் கஞ்சி குடிக்கையில் புரையேறித் திணறுவான். ஒருநாள் நள்ளிரவில் தன் கவலையைப் பெற்றோர் குழுவொன்றில் எழுதினாள். சிறிது நேரத்தில் மறுமொழி வந்தது: “அக்கா, படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்றே முன்னால் சாய்த்து, கெட்டியான கஞ்சியைச் சிறு கரண்டியால் கொடுங்கள். பயிற்சியாளரிடமும் காட்டுங்கள்.” எழுதியவள் முகமறியாத இன்னொரு தாய். அன்றுதான் நம் சகோதரி முதன்முறையாக நிம்மதியாய் அழுதாள்.

சட்டம் தரும் உரிமைகளையும் இத்தகைய குழுக்களில் பலர் அறிந்துகொள்கின்றனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உடையோர்க்கு 18 வயதுக்குப் பின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது.

ஆயினும் அதே ஊற்றில் நஞ்சும் கலக்கும். வலிப்பு மாத்திரை மூளையை மழுங்கடிக்கும் என்று அதே குழுவில் யாரோ எழுத, நம் சகோதரி அதனை நிறுத்தினாள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு ஓயாத வலிப்பு கண்டது. மருத்துவமனையில் உயிர் தப்பியது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998-இல் வெளியான கட்டுரையை, அதனை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றது; அந்தப் பொய்யோ இன்னும் கைப்பேசிகளில் உலவுகிறது. ஆகவே ஆறுதலைக் குழுவில் தேடுங்கள். மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். “முற்றிலும் குணமாக்குவோம்” என்று பணம் கேட்போரை நம்பாதீர்.

மற்றொன்று. பிள்ளை நிலைகுலைந்து கிடக்கும் படத்தைப் பலர் காண இடாதீர். பேசவியலாத பிள்ளைக்கும் மானம் உண்டு. அதன் காவலர் நாமன்றோ?

தந்தையரே, இக்குழுக்களைப் பெண்களுக்குரியவை என்று ஒதுக்காதீர். உங்கள் மௌனமும் அங்கே கரையட்டும். அண்டை அயலாரே, கைப்பேசி நல்ல சொல் சொல்லும். ஆனால் பிள்ளையை மடியில் ஏந்தாது. அத்தாய் ஒரு மணி நேரம் கண்ணயர, “நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உறங்கு” என்று சொல்லி அவள் வீட்டுத் திண்ணையில் அமரலாமே! அந்தத் துணையை நாமே தரவேண்டும்.