பாதி வழியில் பரிசு எதற்கு?

முழு மாரத்தானுக்குப் பயிற்சி செய்பவன் இடையில் அரை மாரத்தான் ஓடலாமா? காலையில் நம் கல்லூரி மைதானத்தில் ஓடும் நண்பர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. ஓடவே கூடாது என்பார் சிலர். ஓடினால் வென்றே தீர வேண்டும் என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு என்பது என் கருத்து. பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதில் சரிபாதி அரை மாரத்தான். ஆனால் கணக்கில் பாதியே தவிர, உடலுக்குப் பாதியன்று. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்து, கிளைக்கோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. அரை ஓட்டத்துக்குப் பெரும்பாலும் இந்தச் சேமிப்பே போதும். முழு ஓட்டத்திலோ, பலருக்கும் 30 கிலோமீட்டர் வாக்கில் அது வற்றத் தொடங்குகிறது. அரை ஓட்டம் நம் அவசரத்தை மன்னிக்கும். முழு ஓட்டம் மன்னிக்காது.

ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓட, ஆகஸ்டிலிருந்தே பயிற்சி செய்தேன். ஞாயிறுதோறும் விடியலில் ஏரிக்கரைச் சாலையில் நீண்ட ஓட்டம். நவம்பரில் பக்கத்து நகரில் அரை மாரத்தான் வந்தது. "முழு ஓட்டத்தின் வேகத்திலேயே ஓடு, இது மாதிரித் தேர்வுதான்" என்று உடற்கல்வி இயக்குநர் சொல்லி அனுப்பினார். தலையாட்டிவிட்டுப் போனேன். கொடி அசைந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. மாணவர் பிரிவில் முதல் மூவருக்குப் பணப்பரிசு! என் தந்தை மூட்டை தூக்கும் தொழிலாளி. பரிசு கிடைத்தால் தேர்வுக் கட்டணம் கட்டிவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. 1 மணி 32 நிமிடத்தில் முடித்தேன். நான்காவது இடம்!

கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் ஓட முடியவில்லை. மூன்று ஞாயிறுகள் பறிபோயின. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளரின் சூத்திரப்படி, தூரம் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும். அந்தக் கணக்கில் நான் 3 மணி 12 நிமிடத்தில் முழு ஓட்டத்தை முடித்திருக்க வேண்டும். ஜனவரியில் 31ஆம் கிலோமீட்டரில் நடக்கத் தொடங்கியவன், 4 மணி 26 நிமிடத்தில்தான் எல்லையைத் தொட்டேன். சூத்திரத்தின் மேல் பிழையில்லை. தூரத்துக்கேற்ற பயிற்சி உள்ளவனுக்கே அது பொருந்தும்.

அப்படியானால் அரை மாரத்தானே வேண்டாமா? வேண்டும். ஏரிக்கரையில் தனியே ஓடிக் கற்க முடியாதவை அங்கே உண்டு. கூட்டத்தோடு கிளம்பும்போது வேகத்தை அடக்குவது, ஓடியபடியே தண்ணீர் குடிப்பது, விடியலுக்கு முன் எதைச் சாப்பிட்டால் வயிறு ஒத்துழைக்கும் என்று அறிவது ஆகியவை அவை. முதல் 15 கிலோமீட்டரை முழு ஓட்டத்தின் வேகத்தில் ஓடி, தெம்பிருந்தால் பிறகு சற்றே கூட்டலாம். முடிக்கும்போது 'இன்னும் ஓடலாம்' என்று தோன்ற வேண்டும். அதுவே வெற்றி.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டாம் ஆண்டு நம் படிப்பின் பாதி வழி. "கைக்கு வரும் சம்பளத்தை ஏன் விடுகிறாய்?" என்று உறவினர் கேட்பதும் இப்போதுதான். என் வகுப்பில் இருவர் வேலைக்குப் போய்விட்டனர். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. நானும் பணத்தை நினைத்துத்தானே ஓடினேன்? ஆயினும் நண்பர்களே, பாதி வழியில் கிடைப்பது எப்போதும் பெரிதாகவே தெரியும். எந்த எல்லைக்காகப் புறப்பட்டோம் என்பதை அங்கே ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.

வரும் நவம்பரிலும் அரை மாரத்தான் ஓடுவேன். இம்முறை மூவரல்ல, முப்பது பேர் என்னை முந்தட்டும்!