கூடாரத்தின் உயரமும் நாற்காலியின் உயரமும்

துபாயில் 1988-இல் திறக்கப்பட்ட எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் கிளப்ஹவுஸ் பதூயின் கூடாரங்களின் தொகுதியைப் போலவும், 1993-இல் திறக்கப்பட்ட துபாய் கிரீக் கோல்ஃப் அண்ட் யாட் கிளப்பின் கிளப்ஹவுஸ் பாய்மரக் கலத்தின் விரிந்த பாய்களைப் போலவும், அபுதாபி கோல்ஃப் கிளப்பின் கட்டடம் சிறகு விரித்த ராஜாளியைப் போலவும் அமைந்துள்ளன. இவற்றுள் பாய்மர வடிவக் கட்டடம் 20 திர்ஹாம் காகித நோட்டில் அச்சிடப்பட்டதால், அதன் வாசலை ஒருநாளும் மிதித்திராத தமிழரும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நின்றிருக்கின்றனர். மூன்றுமே தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்காக வரையப்பட்ட வடிவங்கள். உள்ளே சோபாவில் அமரும் உடலுக்குத் தேவைப்படுவதோ வேறொரு கணக்கு.

அந்தக் கணக்கில் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு கருத்துகள் உண்டு. ஒரு பொருளின் உறுப்புகள் தமக்குள் கொண்டுள்ள உறவு விகிதம்; அப்பொருள் மனித உடலோடும் சூழ்ந்துள்ள வெளியோடும் கொண்டுள்ள உறவு அளவமைதி. முகத்தின் நீளத்தை அலகாகக்கொண்டு உடல் முழுவதையும் அளக்கும் சிற்ப நூல்களின் தாலக் கணக்கில், சாண் உயரச் செப்புத் திருமேனியும் ஆளுயரக் கற்சிலையும் ஒரே விகிதத்தில் அமைய இயலும். நாற்காலிக்கு அந்தச் சலுகை கிடையாது. தரையிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கை அமைந்த நல்ல நாற்காலியை அதே விகிதத்தில் இருமடங்காக்கினால், பார்வைக்கு அழகு குன்றாது. உட்கார்ந்தவரின் கால்தான் தரையைத் தொடாது.

வளைகுடாவின் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது. ஆட்டு ரோமத்தில் நெய்த குறுகிய பட்டைகளை இணைத்துத் தைத்த பதூயின் கூடாரம், காற்றுக்குப் பணிந்து தாழ்வாக நிற்பது. அதனுள் மக்கள் தரையில் அமர்ந்ததால் அந்தத் தாழ்வு குறையாகத் தோன்றியதில்லை. அதே வடிவம் கான்கிரீட்டிலும் கண்ணாடியிலும் எழும்போது கூடாரம் பன்மடங்கு வளர்கிறது, மனிதர் வளர்வதில்லை. துபாயின் அல் ஃபாஹிதி பகுதியிலுள்ள பழைய வீடுகளின் கதையோ நேர்மாறானது: கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலில் வந்த கண்டல் மரக் கழிகளே கூரையைத் தாங்கியதால், அறையின் அகலம் பெரும்பாலும் 4 மீட்டரைத் தாண்டவில்லை, இடம் தேவைப்பட்டபோது அறை நீளத்தில் வளர்ந்தது. விருந்தினரை வரவேற்கும் கூடமாகிய மஜ்லிஸில் சுவரை ஒட்டித் திண்டுகள் இடப்பட்டதால், எதிரெதிரே அமர்ந்தவர்கள் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது. யுனெஸ்கோ 2015-இல் மஜ்லிஸைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அந்த மரபின் உயிர் தாழ்ந்த இருக்கைகளிலும் எட்டும் தொலைவிலும் இருந்தது என்பதைப் பல உள்ளலங்காரக்காரர்கள் கவனிப்பதில்லை. அரபு வளைவையும் பித்தளைக் காப்பிக் கூஜாவையும் நகலெடுத்தால் மஜ்லிஸ் வந்துவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை.

உயர்ந்த கூரை தன்னளவில் குற்றமன்று. அபுதாபியின் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலில் ஏறத்தாழ 10 மீட்டர் அகலமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட சரவிளக்கு பொருந்தி நிற்பதற்குக் காரணம், அதன் மேலுள்ள குவிமாடமும் கீழுள்ள பெருந்திரளும் அதற்கு இணையானவை என்பதே. நாற்பது பேர் தேநீர் அருந்தும் குடியிருப்பு வளாகக் கிளப்ஹவுஸ் அதைப் பின்பற்றும்போது இரண்டில் ஒன்று நேர்கிறது: கடையில் பெரிதாகத் தெரிந்த விளக்கு எட்டு மீட்டர் உயர வெளியில் கம்மலளவாகச் சுருங்குகிறது, அல்லது வெளிக்கு ஏற்ற விளக்கு, கீழே அமர்ந்தவரின் தலையை அழுத்துவதுபோல் தொங்குகிறது. தீர்வு விளக்கின் பருமனில் இல்லை, உடலுக்கும் கூரைக்கும் இடையே ஒரு நடு அளவை உண்டாக்குவதில் இருக்கிறது. கதவின் மேல்விளிம்பை ஒட்டி ஓடும் மரப்பட்டை, இருக்கைத் தொகுதிக்கு மேல் மட்டும் இறக்கப்பட்ட உட்கூரை, இருக்கைகளின் முன்கால்களாவது உள்ளடங்கும் அளவுக்கு விரிந்த கம்பளம் ஆகியவை பெருங்கூடத்துக்குள் சிறு அறைகளைச் சுவரின்றி எழுப்புகின்றன.

அளவு பிழைத்தால் காதும் அறியும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாலஸ் சபைன் கண்டறிந்தபடி, அறையின் கன அளவு கூடக்கூட எதிரொலி நீள்கிறது, ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக்கூடக் குறைகிறது. பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் கொண்ட உயர்ந்த கூடத்தில் பத்துப் பேரின் உரையாடல் சந்தை இரைச்சலாவது இதனாலேயே. கோடையில் ஏறும் வெப்பக்காற்றோ மேலே தங்குகிறது. குளிர்காற்றை ஆள் உயரத்தில் விடாமல் கூரையருகே விடும் கூடம், யாரும் அமராத வெளியைக் குளிர்விக்கப் பணம் கொடுக்கிறது.

வளாகங்களின் உரிமையாளர் குழுக்களில் இன்று தமிழரும் இடம்பெற்று, கிளப்ஹவுஸ் புதுப்பிப்புக்கு ஒப்புதல் அளிக்கின்றனர். அவர்கள் முன் வைக்கப்படும் முப்பரிமாணப் படங்கள் அகலக்கோணத்தில் உருவாக்கப்படுவதால், எந்த அறையும் அவற்றில் விசாலமாகவே தோன்றும். ஆகவே கையெழுத்திடும் முன்பு, கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் வரைபடத்தில் நிற்கும் மனிதர் ஒருவரையும் அமர்ந்த மனிதர் ஒருவரையும் வரைந்து தருமாறு கேட்க வேண்டும். வாங்கவிருக்கும் சோபாவின் நீள அகலத்தைக் கூடத்தின் தரையில் ஒட்டு நாடாவால் குறித்து, அதைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும்.