பிழைச்செய்தியைப் படிப்போம்

கணிப்பொறி பழுதுற்றதென்றால் கைகட்டி நிற்பதும், பழுது நீக்க வருபவர் எது சொன்னாலும் தலையசைப்பதும் தமிழ்த்துறையினராகிய நமக்கு வழக்கமாகிவிட்டன. "நமக்கு அது விளங்காது" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். இவ்வெண்ணம் தவறு என்பதும், மொழி பயின்றவர்க்கே இவ்வகையில் ஒரு தனித்தகுதி உண்டு என்பதும் என் கருத்து. சென்ற கல்வியாண்டில் நம் துறையில் நிகழ்ந்த ஒன்றையே இதற்குச் சான்றாக வைக்கிறேன்.

துறை நூலகத்தின் மூலையில் லினக்ஸ் இயங்கும் பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. மூன்றாமாண்டு மாணவர்கள் கடற்கரைச் சிற்றூர்களில் நான்கு திங்கள் அலைந்து திரட்டிய மீனவர் வழக்குச் சொற்கள் அனைத்தும் அதில்தான் இருந்தன. வேறு படி எடுத்து வைக்கவில்லை. அது எங்கள் குற்றமே. ஒருநாள் காலை அக்கணிப்பொறி வளாக இணைப்பை இழந்தது. அச்சுப்பொறியும் எட்டவில்லை, பக்கத்து அறைக் கணிப்பொறியும் எட்டவில்லை. வந்து பார்த்தவர் இரண்டு நிமிடம் திரையை நோக்கிவிட்டு, "லினக்ஸ் என்றாலே இப்படித்தான் ஐயா, முழுவதையும் அழித்துவிட்டு வேறு போட்டுவிடலாம்" என்றார். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அந்த லினக்ஸின் கருவே, அவர் சட்டைப்பையில் இருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியையும் இயக்குகிறது என்பதை அப்போது நான் சொல்லவில்லை. மறுநாள்வரை அவகாசம் மட்டும் கேட்டேன்.

அன்று மாலை மாணவர் ஒருவருடன் அமர்ந்தேன். கம்பி செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எனவே கம்பியின்மீது பழி இல்லை. அடுத்து, கணிப்பொறிக்கு முகவரி உண்டா என்று பார்க்க 'ஐபி அட்ரஸ்' என்னும் கட்டளையை இட்டோம். (பழைய நூல்கள் கூறும் 'இஃப்கான்ஃபிக்' இன்று பல லினக்ஸ் வகைகளில் உடன் வருவதில்லை.) முகவரி இருந்தது: 192.168.1.25. பின்னர் 'பிங்' கட்டளையால் வாயிற்கருவியாகிய ரவுட்டரை அழைத்தோம். அமெரிக்கரான மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியெழுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப்போல, இதுவும் செய்தி அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். மறுமொழியாக வந்தது 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்னும் ஒரு வரி.

இவ்விடத்தில்தான் மொழிப்பயிற்சி துணைநிற்கிறது. திரையில் ஆங்கிலத்தில் எது தோன்றினாலும் "வேலை செய்யவில்லை" என்ற ஒரே பொருளைக் கொள்வது நம்மவர் இயல்பு. ஆயினும் ஒவ்வொரு தொடருக்கும் பொருள் வேறு. 'நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்' என்று வந்தால், அவ்விடத்திற்குச் செல்லும் வழியே கணிப்பொறிக்குத் தெரியவில்லை என்று பொருள். பெயரை அறிய இயலவில்லை என்று வந்தால், பாதை செம்மையாக இருக்கலாம். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஏற்பாட்டில்தான் குறை தேடவேண்டும். எங்களுக்கு வந்த செய்தியோ எங்கள் கணிப்பொறியின் எண்ணிலிருந்தே வந்திருந்தது. அதாவது, "வழி தெரியும், தெருவில் நின்று கூப்பிட்டேன், அந்த வீட்டிலிருந்து எவரும் குரல் கொடுக்கவில்லை" என்று அது சொல்லிற்று. எதுவுமே வராத மௌனம் மற்றொரு வகை. காப்புச்சுவர் தடுத்தாலும் மௌனமே வரும். ஆகவே மௌனத்தைக் கண்டவுடன் எதிர்க்கருவி பழுதென்று முடிவுகட்டலாகாது.

வீடு எங்கே போயிற்று? மாணவர் பக்கத்து அறைக்கு ஓடி அங்குள்ள கணிப்பொறியின் எண்ணைப் பார்த்துவந்தார். அது 192.168.0 என்று தொடங்கியது; எங்களுடையதோ 192.168.1. முந்தைய வாரம் வளாகத்தில் ரவுட்டரை மாற்றியிருந்தனர். ஏனைய கணிப்பொறிகள் புதிய எண்களைத் தாமே பெற்றுக்கொண்டன. எங்களுடையதற்கு மட்டும் முன்பு எவரோ கையால் எழுதிவைத்த நிலையான எண் இருந்தது. இடிந்துபோன தெருவின் கதவெண்ணைச் சொல்லிக்கொண்டு அது நின்றிருக்கிறது! அமைப்புப் பக்கத்தில் 'மேனுவல்' என்றிருந்ததை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினோம், இணைப்பு வந்தது. அச்சுப்பொறிக்கும் எண் மாறியிருந்ததால் அதை மட்டும் மறுபடி சேர்க்க நேர்ந்தது. ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆயிற்று.

"கம்பியும் விளக்கும் பார்ப்பதா தமிழாசிரியர் வேலை?" என்று மூத்தோர் சிலர் கேட்டனர். நியாயமான வினாவே. எல்லாப் பழுதும் இவ்வாறு எளிதில் அகப்படும் என்று நான் சொல்லவில்லை. கருவி எரிந்துபோனால் வல்லுநரே வேண்டும். ஆனால் பாடபேதம் கண்டவுடன் சுவடியைக் கொளுத்துவாருண்டோ? எந்த எழுத்தில் பிழை புகுந்தது என்று வரிவரியாகத் தேடுவதன்றோ பதிப்பாசிரியர் பணி? அப்பயிற்சியை மூன்றாண்டு பெறும் நம் மாணவர், திரையில் வரும் ஒரு வரியைப் படிக்க அஞ்சுவது எனக்குப் புரியவில்லை. அழித்தல் எளிது, அழிக்கச் சொல்பவருக்கு இழப்பு ஏதும் இல்லை.

துறையில் இதற்கென ஆண்டுக்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கவேண்டும் என்று துறைக்கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். கணிப்பொறியருகே இப்போது ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. எந்த எண், எப்போது மாற்றப்பட்டது, மாற்றியவர் யார் என்பவற்றை அதில் எழுதிவருகிறோம். மீனவர் சொற்கள் இன்று மூன்று இடங்களில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன.