மிளகுத் தண்ணீரில் கண்டவை



மிளகு ஏன் காரமாக இருக்கிறது? ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த அந்தோனி வான் லேவன்ஹூக்குக்கு இப்படி ஒரு சந்தேகம். நாக்கைக் குத்துகிற முள் மாதிரி ஏதாவது உள்ளே இருக்குமோ? 1676-இல் மிளகைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, ஒரு சொட்டை எடுத்துத் தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முள்ளைத் தேடியவர் கண்ணில் பட்டவை, நீந்தித் திரியும் குட்டிக் குட்டி உயிர்கள். அவற்றில் ஆகச் சிறியவற்றைத்தான் இன்று பாக்டீரியா என்கிறோம்.

நுண்ணோக்கி என்றதும் பள்ளி ஆய்வகத்துக் கருவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருடையது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவே மிளகை விடச் சிறிய ஒற்றை லென்ஸ், பார்க்கும் பொருளைத் தாங்க ஓர் ஊசி, அதை நகர்த்தத் திருகு. அவ்வளவுதான். கண்ணை ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது! இரண்டு மூன்று லென்ஸ் வைத்த கருவிகளும் அப்போதே இருந்தன. ஆனால் அவற்றில் உருவத்தைச் சுற்றி வண்ண விளிம்பு படர்ந்து கலங்கும். அதை நன்றாகச் சரிசெய்ய 1830 வரை ஆயிற்று. செய்தவர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர். அவரும் வியாபாரிதான், லண்டனில் ஒயின் விற்றவர்.

லேவன்ஹூக்குக்கு அன்றைய அறிஞர்களின் மொழியான லத்தீன் தெரியாது. கண்டதையெல்லாம் டச்சு மொழியில் கடிதமாக எழுதி லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். அதன் இதழாசிரியர் ஹென்றி ஓல்டன்பர்க் அவற்றை மொழிபெயர்த்து அச்சிட்டார். பட்டம் இல்லாத கடைக்காரர் எழுதியது என்று குப்பைக் கூடைக்கு அனுப்பாத அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை. மிளகுத் தண்ணீர்க் கடிதத்தைப் பலர் நம்பவில்லை. 1677 நவம்பரில் சொசைட்டியைச் சேர்ந்த விஞ்ஞானி ராபர்ட் ஹூக் அதே சோதனையைச் செய்து உறுப்பினர்களுக்குக் காட்டிய பிறகே வாயடைத்துப் போனார்கள். அதைப் பார்க்க ஓல்டன்பர்க் இல்லை, செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

லேவன்ஹூக்மேல் ஒரு வருத்தமும் உண்டு. மிகச் சிறந்த லென்ஸ்களைச் செய்யும் வித்தையை 1723-இல் சாகும்வரை யாருக்கும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்ததை எங்களுக்கு எழுதட்டும். படமும் வரைந்து அனுப்பலாம். வரைய வராதே என்று தயங்க வேண்டாம். லேவன்ஹூக்குக்கும் வராது, ஓவியரை வைத்துத்தான் வரைந்து வாங்கினார்.

அன்புடன்,
ஆசிரியர்