திறவுகோல் யார் கையில்?

சென்ற மாரி கழிந்தபின் ஒரு நாட் காலை, வெங்காயச் செய்கையால் வாழும் கமக்காரர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தமது கைத்தொலைபேசியை மேசைமீது வைத்து, அதில் தோன்றிய ஒரு தொகையைக் காட்டினார். "ஐயா, காசு இதிலை கிடக்கு, எடுக்கத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார். இரண்டு போக விளைவை விற்ற பணம் அது. பிட்கொயின் வாங்கித் தருவதாகக் கூறி ஒரு முகவர் அதனைப் பெற்றுக்கொண்டாராம். "இதன் திறவுகோல் யாரிடம் இருக்கின்றது?" என்று கேட்டேன். அப்படியொன்று உண்டென்று அவருக்கு எவரும் கூறியிருக்கவில்லை. சட்டப் புத்தகங்கள் நிறைந்த அவ்வறையில் அவருக்கு அளிக்கக்கூடிய நம்பிக்கை என்னிடம் மிகச் சிறிதே இருந்தது.

அவரை அறிவிலி என்று இகழ்வது எளிது, நீதியன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் பெட்டிக்குள் இருந்தபடியே தேய்வதைக் கண்ட ஒருவன், எந்த அரசாங்கமும் அச்சிட முடியாத நாணயம் ஒன்று உண்டென்று கேட்டால் செவி சாய்ப்பது இயல்பே. மெய்நிகர் நாணயங்களின் ஆபத்தைப்பற்றி இலங்கை மத்திய வங்கி 2018ஆம் ஆண்டு முதலாகப் பலமுறை எச்சரித்தது. ஆனால், எச்சரிக்கை வேறு, கல்வி வேறு.

பிட்கொயின் தோன்றிய நோக்கம் யாது? 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில், சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில் வெளியான ஒரு கட்டுரை, வங்கி என்னும் இடையாளின்றி ஒருவர் மற்றொருவருக்குப் பணம் செலுத்தும் வழியை வகுத்துரைத்தது. 2009 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நிலை ஓர் இரகசியத் திறவுகோல். சாதாரணமாக அது 12 அல்லது 24 சொற்களாகக் குறித்து வைக்கப்படுகின்றது. அச்சொற்களை உடையவனே பணத்தை உடையவன். அவற்றைப் பிறரிடம் விட்டவன் பிறருடைய வாக்குறுதியை மாத்திரம் உடையவன். இடையாளை ஒழிக்கப் பிறந்த நாணயத்தை இடையாள் கையிலேயே ஒப்படைத்துவிட்டு, "விடுதலை பெற்றோம்" என்று கூறுவதில் பொருளுண்டோ?

"மக்கள் அனைவரும் இதனை ஏற்கட்டும்; மற்றவை தாமே வரும்" என்பாருளர். அவர்கள் எல் சல்வடோர் நாட்டின் அனுபவத்தைச் சிந்திப்பார்களாக. 2001ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க டொலரையே வழங்கிவந்த அந்நாடு, 2021 செப்தெம்பர் 7ஆம் நாள் முதல் பிட்கொயினையும் சட்டபூர்வ நாணயமாக்கியது. கொடுப்பவர் கொடுத்தால் வணிகர் பெற்றேயாக வேண்டும் என்று அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு விதித்தது. தொழில்நுட்ப வசதி இல்லாதோருக்கு 12ஆம் பிரிவு விலக்களித்தது. கல்லாதாரை விலக்கி வைக்கச் சட்டத்தில் இடமிருந்தது. அவர்களைக் கற்றவராக்கும் கடமை பின்தள்ளப்பட்டது. அரசாங்கம் "சிவோ" என்னும் பணப்பையைத் தொலைபேசியில் வழங்கி, அதில் சேர்ந்தோருக்கு 30 டொலர் பெறுமதியான பிட்கொயினையும் கொடுத்தது. மக்கள் திரண்டு சேர்ந்தனர். ஆனால், அப்பணப்பையின் திறவுகோல்கள் மக்களிடம் இருக்கவில்லை. அதனை நடாத்தியோரிடமே இருந்தன. தம் அடையாள எண்ணைக்கொண்டு பிறர் கணக்குத் திறந்துவிட்டனர் என முறையிட்டோர் பலர். அன்பளிப்பைச் செலவிட்டபின் பெரும்பாலோர் அதனைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை என்று ஆராய்ந்த பொருளியலறிஞர் கண்டனர். முடிவில், சர்வதேச நாணய நிதியத்துடன் 140 கோடி டொலர் கடனுக்கு இணங்கிய அந்நாடு, 2025 சனவரியில் சட்டத்தைத் திருத்தி, பிட்கொயினை ஏற்பது அவரவர் விருப்பம் என்றாக்கியது. ஆணையால் கூட்டிய கூட்டம் ஆணை தளர்ந்ததும் கலைந்தது.

திறவுகோலைப் பிறரிடம் விட்டவரின் நிலையை நீதிமன்றங்களும் தெளிவாக்கியுள்ளன. யப்பானில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் என்னும் பரிமாற்று நிலையம் 2014 பெப்ரவரியில் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 8,50,000 பிட்கொயின்கள் காணாமற்போயின எனக் கூறப்பட்டது. அவற்றில் சுமார் 2,00,000 பின்னர் அகப்பட்டன. தன் பிட்கொயினைத் தன் சொத்தெனக் கோரிய வாடிக்கையாளர் ஒருவரின் வழக்கை டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2015 ஓகஸ்தில் தள்ளியது. கையால் தொடக்கூடிய பொருளல்லாததால் அதன்மீது உடைமையுரிமை இல்லை என்பதே தீர்ப்பு. கடன்காரருக்குப் பிட்கொயினாகத் திருப்பிக் கொடுக்கும் வேலை 2024 யூலையில்தான் தொடங்கியது. செல்சியஸ் என்னும் கொம்பனியின் வழக்கில், நியூயோர்க் முறிவுநிலை நீதிமன்றம் 2023 சனவரியில் அளித்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. வட்டிக் கணக்குகளில் இட்ட நாணயங்கள் ஒப்பந்தப்படி கொம்பனிக்கே உரியன என்றது அது. அத்தகைய கணக்குகள் ஏறத்தாழ 6,00,000. ஒப்பந்தத்தை வாசியாமலே "சம்மதம்" என்று தொட்ட விரல்கள் எத்தனை!

அங்ஙனமாயின், "ஒவ்வொருவனும் தன் திறவுகோலைத் தானே காக்கட்டும், கல்லாதவன் கெடட்டும்" என்பாருடன் சேர்ந்துவிடலாமோ? அதுவும் தகாது. எழுதி வைத்த சொற்கள் தொலைந்தால் மீட்டுத்தர எந்த வங்கியும் இல்லை. தவறிய முகவரிக்குச் சென்ற பணத்தைத் திருப்பும்படி அந்த இயந்திரத்துக்கு எந்த நீதவானும் கட்டளையிட முடியாது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே வாழ்பவன், வைத்தியன், ஆசிரியன் ஆகிய எல்லோரும் கணினி நிபுணர்களாக வேண்டுமென்பது சிலருக்கே உரிய சுதந்திரமாகும். சிலருக்கே உரியதை மக்களின் விடுதலை என்று நாம் எப்படி அழைப்போம்?

வழி ஒன்றுண்டு, அது நமக்குப் புதியதுமன்று. கூட்டுறவுச் சங்கத்தின் காசோலையில் ஒருவர் மாத்திரம் கையெழுத்திட்டால் பணம் வெளியேறாது என்பதைக் கமக்காரர் நன்கறிவர். மூன்று திறவுகோல்களுள் எவையேனும் இரண்டு சேர்ந்தாலன்றிப் பணம் அசையாதபடி வைக்கும் முறை பிட்கொயினிலும் உண்டு. ஒன்று தொலைந்தாலும் பணம் அழியாது. ஒருவர் கள்வரானாலும் கொண்டோட முடியாது. இத்தகைய அறிவை ஊருக்கு நால்வரேனும் செவ்வையாகக் கற்று, மற்றையோருக்கு உரைக்கட்டும். சட்டமும் தன் கடமையைச் செய்யட்டும். பிறர் நலத்துக்காக ஏற்ற பொருள் ஏற்றவனின் சொந்தப் பொருளாகாது என்னும் நெறி, 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்திலிருந்தே இந்நாட்டுச் சட்டத்தரணிகள் அறிந்தது. பிறரின் திறவுகோலை ஏற்போர் அனைவரையும் அந்நெறிக்குள் ஐயமறக் கொணரவேண்டும்.

இந்நாணயத்தில் பணமிடுங்கள் என்றோ, இடாதீர்கள் என்றோ கூற நான் வரவில்லை. எத்தனை கோடிப்பேர் சேர்ந்தனர் என்று பெருமை பேசுவோரிடம், அவர்களுள் எத்தனைபேர் திறவுகோலை அறிவர் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை ஒரு செயலியைக் காட்டிப் பணம் கேட்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை பணத்தைக் கொடாதீர்கள். அன்று என் மேசைமுன் அமர்ந்திருந்த கமக்காரரிடம் அக்கேள்வியை முன்னரே எவரேனும் கேட்டிருந்தால், அவருடைய இரண்டு போக உழைப்பு இன்று அவரிடமே இருந்திருக்கும்.