பொருந்தாத ஜோடி

அமெரிக்காவின் மயாமி நகரில் 2025 டிசம்பர் 19-ம் தேதி நடைபெற்ற ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் போட்டி ஆறாவது சுற்றில் முடிவுக்கு வந்தது. லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரும், இருமுறை உலக சாம்பியன் பட்டத்தைச் சூடியவருமான பிரிட்டனின் அந்தோணி ஜோஷுவாவின் குத்தில் ஜேக் பால் நிலைகுலைந்து வீழ்ந்தார். இணையதள விடியோக்கள் மூலம் புகழ்பெற்று, அந்தப் புகழை மூலதனமாக்கிக் குத்துச்சண்டை மேடைக்கு வந்தவர் அவர். அவருடைய தாடை எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. போட்டி அறிவிக்கப்பட்ட நாள் முதலே இந்த விளையாட்டை அறிந்தவர்கள் விடுத்துவந்த எச்சரிக்கை இதுதான்.

யார் வென்றார் என்பது இங்கே கேள்வி அல்ல. அது முன்கூட்டியே தெரிந்திருந்தது. முடிவு தெரிந்த சண்டைக்கு அரசு அமைப்பு ஒன்று எப்படி அனுமதி வழங்கியது, அதனால் ஆதாயம் அடைந்தவர்கள் யார் என்பவையே கேள்விகள்.

"புரமோட்டர்' எனப்படும் போட்டி அமைப்பாளர் இந்தத் தொழிலில் வகிக்கும் இடம் விசித்திரமானது. மற்ற விளையாட்டுகளில் யார் யாருடன் மோதுவது என்பதைப் போட்டி அட்டவணையோ, சங்கமோ முடிவு செய்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதைத் தீர்மானிப்பவர் டிக்கெட் விற்பவர். வளர்த்துவிட வேண்டிய வீரருக்குப் பலவீனமான எதிராளிகளைத் தேடித்தந்து வெற்றிக் கணக்கை ஏற்றுவதும், ஏறிய கணக்கைக் காட்டிப் பெரிய போட்டியை விற்பதும் அவரது கலை. ஜேக் பால் இதில் ஒரு படி மேலே போனார். போட்டியை நடத்திய நிறுவனங்களுள் ஒன்றின் இணை நிறுவனரே அவர்தான். சரக்கும் அவரே, கடைக்காரரும் அவரே!

இதே நிறுவனம் 2024 நவம்பர் 15-ம் தேதி டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடத்திய போட்டியில், 27 வயது ஜேக் பாலை எதிர்த்து நின்றவர் 58 வயது மைக் டைசன். அதே ஆண்டு ஜூலையில் நடப்பதாக இருந்த அந்தப் போட்டி, டைசனுக்கு வயிற்றுப் புண் முற்றியதால் தள்ளிவைக்கப்பட்டது. உயிர் பிழைப்பதே கடினம் என்ற நிலையில் இருந்ததாகவும், எட்டு முறை ரத்தம் ஏற்ற நேர்ந்ததாகவும் போட்டிக்குப் பிறகு அவரே தெரிவித்தார். அப்படிப்பட்டவரைத்தான் டெக்சாஸ் மாநில உரிமத் துறை மேடையேற அனுமதித்தது. சுற்றுக்கு 2 நிமிடம், மொத்தம் 8 சுற்றுகள், வழக்கத்தைவிடக் கனமான கையுறை என்ற சலுகைகளே, இது சமமான சண்டை அல்ல என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். அரங்கில் 70 ஆயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். 6 கோடி வீடுகளில் நேரலையாகப் பார்க்கப்பட்டதாக நெட்பிளிக்ஸ் நிறுவனம் அறிவித்தது. அவர்கள் பார்த்தது, ஒரு காலத்தில் உலகை நடுங்கவைத்த மனிதர் 8 சுற்றுகளிலும் சேர்த்து 18 குத்துகளை மட்டுமே எதிராளி மீது பதித்த காட்சியை.

இது புதிய வியாதி அல்ல. சிறையிலிருந்து வெளிவந்த டைசன் 1995 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் மீண்டும் மேடையேறியபோது, அமைப்பாளர் டான் கிங் அவருக்குத் தேடித்தந்த எதிராளி பீட்டர் மெக்நீலி. 36 வெற்றி, ஒரு தோல்வி என்று காகிதத்தில் மின்னிய அந்தக் கணக்கு, மேடையில் 89 விநாடிகள்தான் தாங்கியது. இருமுறை வீழ்ந்த தன் வீரரைக் காப்பாற்ற மேலாளரே மேடைக்குள் நுழைந்ததால் போட்டி நிறுத்தப்பட்டது. வீட்டிலிருந்து பார்க்கத் தனிக் கட்டணம் செலுத்தியவர்கள் ஏமாந்தனர், வசூல் ஏமாற்றவில்லை.

ஏமாந்தவர்கள் ரசிகர்கள் மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். 1980 அக்டோபர் 2-ம் தேதி நடந்ததை மன்னிக்க முடியாது. கடைசியாக மேடையேறி இரண்டாண்டுகள் ஆகியிருந்த 38 வயது முகமது அலியை, அவரிடமே பயிற்சித் துணைவராக இருந்து உலக சாம்பியனாக உயர்ந்த லாரி ஹோம்ஸுக்கு எதிராக நிறுத்தினார் டான் கிங். அலியின் பேச்சிலும் உடல் ஒருங்கிணைப்பிலும் தென்பட்ட சிறு தடுமாற்றங்களை மேயோ மருத்துவமனை பரிசோதனை அறிக்கை குறிப்பிட்டிருந்தும், நெவாடா மாநில ஆணையம் உரிமம் வழங்கியது. திருப்பித் தாக்க இயலாத அலி 10 சுற்றுகள் அடி வாங்கினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் கண்ணீர் விட்டார். பேசிய தொகையான 80 லட்சம் டாலரில் 10 லட்சத்துக்கும் மேல் குறைந்ததாக வழக்குத் தொடுத்த அலி, இறுதியில் 50 ஆயிரம் டாலர் பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிட்டார். 1984-ல் அவருக்கு நடுக்குவாத நோய்க்குறி கண்டறியப்பட்டது. அந்த ஓர் இரவுதான் நோய்க்குக் காரணம் என்று கூற முடியாது. ஆனால், அந்த இரவு நிகழ்ந்திருக்கவே கூடாது என்பதில் ஐயமில்லை.

"வலுவற்றவர் என்று கருதப்படுபவர் வெல்வதும் உண்டே' என்று அமைப்பாளர்கள் வாதிடுவர். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில், 42-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கித் தள்ளிய பஸ்டர் டக்ளஸ், தோல்வியே அறியாத டைசனை 10-வது சுற்றில் வீழ்த்தியது உண்மை. ஆனால், அந்த உதாரணம் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. டக்ளஸ் தரவரிசையில் இடம்பெற்ற, முழுத் தகுதி படைத்த ஹெவிவெயிட் வீரர். வெல்லும் வாய்ப்பு குறைவு என்பது வேறு. தற்காத்துக்கொள்ளும் திறனே இல்லை என்பது வேறு. முன்னது விளையாட்டின் சுவை. பின்னது விளையாட்டே அல்ல.

வயது வந்த இருவர் விரும்பி மோதிக்கொள்வதைத் தடுக்க யாருக்கு உரிமை என்ற வாதமும் உண்டு. பணமும் புகழும் கண்ணை மறைக்கும் வேளையில் வீரரின் விருப்பம் மட்டுமே அளவுகோலாக முடியாது. விரும்பியே வந்தார் அலியும். அதனால்தான் மருத்துவர் கையெழுத்தும் ஆணையத்தின் முத்திரையும் தேவைப்படுகின்றன.

அமெரிக்கா பாடம் கற்காமல் இல்லை. வீரர்களின் பாதுகாப்புக்காக 1996-ல் ஒரு சட்டமும், அமைப்பாளர்களின் சுரண்டலைத் தடுக்க 2000-ல் முகமது அலியின் பெயரிலேயே மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. அமைப்பாளரும் மேலாளரும் ஒருவராக இருக்கக் கூடாது, வருவாய் விவரத்தை மறைக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. ஆனால், அனுமதி வழங்கும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. பெரிய போட்டி வந்தால் ஹோட்டல்கள் நிறையும், வரி வருவாய் பெருகும் என்ற நிலையில், காவல்காரரே வியாபாரத்தில் பங்காளியாகிவிடுகிறார்.

இதெல்லாம் கடல்கடந்த கதை என்று இந்தியா ஒதுங்க முடியாது. ஆர்லிங்டன் போட்டிக்கு முன்னதாக அதே மேடையில், ஹரியாணாவைச் சேர்ந்த தொழில்முறை வீரர் நீரஜ் கோயத் வென்றார். அவருக்கு எதிராளியாக நிறுத்தப்பட்டவர் பிரேசிலின் நகைச்சுவைக் கலைஞர்! ஒலிம்பிக் பதக்கம் வென்ற விஜேந்தர் சிங் 2015-ல் தொழில்முறைக்கு மாறி, 2016-ல் தில்லி தியாகராஜ் அரங்கில் மோதியபோது, கட்டணப் போட்டிகளுக்கு இங்கும் கூட்டம் சேரும் என்பது நிரூபணமானது. ஆனால், வீரருக்கும் அமைப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தையும் எதிராளியின் தகுதியையும் ஆராய, அமெரிக்காவில் இருப்பதைப் போன்ற தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. நாடாளுமன்றம் 2025-ல் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தின் அக்கறை, விளையாட்டுச் சம்மேளனங்களின் நிர்வாகத்தையும் தகராறுகளையும் சுற்றியே நிற்கிறது.

ஹரியாணாவின் கிராமங்களிலிருந்தும் மணிப்பூரின் மலைகளிலிருந்தும் கையுறையுடன் புறப்படும் இளைஞர்களிடம் நாளை ஓர் அமைப்பாளர் ஒப்பந்தத்தை நீட்டுவார். அதில் எதிராளியின் பெயர் இருக்கும், தொகை இருக்கும். அந்த ஜோடி பொருந்துமா என்று கேட்க, டிக்கெட் வசூலில் பங்கில்லாத ஒருவர் இருக்க வேண்டும். மேடையில் ஒருவர் நினைவிழந்து வீழ்ந்த பிறகு சட்டம் கொண்டுவருவது, அலியின் விஷயத்தில் அமெரிக்கா செய்த தாமதம். அதே தாமதத்தை இந்தியாவும் செய்ய வேண்டியதில்லை.