பெரிய உடம்பு, சின்ன சாலி



110 கிலோ உடம்போடு நான் ஹொண்டா சாலியில் பாடசாலைக்குப் போவதைப் பார்த்து, "சேர், சாலி பாவம்" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஊர்காவற்றுறையில் படகில் ஏற்றி அனலைதீவில் இறக்க வேண்டிய வண்டி அது. பெரிய மோட்டார் சைக்கிள் என்றால் ஆள் தேட வேண்டும். சாலியை இரண்டு பேர் தூக்கி வைப்பார்கள்.

ஆனால் 10 அங்குலச் சில்லுள்ள இந்த வண்டி என்னைப் போன்ற ஆளுக்கென்று செய்ததல்ல. மாற்றத்தான் வேண்டும். எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் பலரோடு எனக்குப் பிணக்கு. "எஞ்சினைப் பெரிசாக்குங்கோ" என்கிறார்கள். 49 சிசி இழுக்காவிட்டால் 72 சிசி சாலியை வாங்கலாம். அல்லது முன் ஸ்ப்ரொக்கட்டில் ஒரு பல் குறைக்கலாம். வேகம் சற்றுக் குறையும், இழுவை கூடும். நம் தீவுக்கு அது போதும்.

முதல் காசு பிரேக்குக்கு. எடை கூடினால் வண்டியை நிறுத்துவதும் கடினம். எனவே முதலில் புதிய பிரேக் சூ. அடுத்து விறைப்பான பின் சொக்அப்சோபர், பாரம் தாங்கும் ரயர், சரியான காற்று. முழங்கால் ஹாண்டிலில் இடித்தால் சீற்றை உயர்த்துங்கள். அதிகம் பின்னுக்குத் தள்ளினால் முன்சில்லு லேசாகிவிடும். சட்டத்தை வெட்டி ஒட்டவே வேண்டாம்.

போன சனிக்கிழமை மகள், "வாப்பா, நானும் பின்னால ஏறட்டா?" என்றாள். மறுத்தேன். இரண்டு பேரின் பாரம் நான் ஒருவனே. சாலியை வீட்டில் விட்டு, அவளோடு நடந்து போனேன்.